எல்லாரோட தாத்தாவும் ரஜுலாலதான் வந்தாரு

நாள் 1, வெள்ளி

காலைல 7 மணிக்கு கிள்ளான்ல இருந்து கெளம்பணும்னு பேச்சு, கெளம்பினது 9.20. எல்லாம் பெரியம்மாவாலதான். பையெல்லாம் கார்ல ஏத்தி, வீட்டப் பூட்டி, பெல்ட்டும் போட்டதுக்கு அப்புறம் "இரு பாப்பா, ஒன்னு மறந்துட்டேன்"னு எறங்கிப் போனாங்க, திரும்பி வந்தப்ப கைல பழைய துண்டுல சுத்தின ஏதோ ஒன்னு. என்னன்னு கேட்டா சொல்லல. பின்னால வைக்கவும் விடல, மடியிலயே வச்சுக்கிட்டாங்க.

விஷயம் என்னன்னா, பெரியம்மா பொறந்து வளந்து 13 வயசுல இருந்து ரப்பர் மரம் வெட்டின, அதாவது பட்டையச் சீவிப் பால் எடுத்த, தோட்டம் செபராங் பிறை பக்கம் இருக்கு. பினாங்குன்னா தீவு மட்டும்னு நெனைக்கிறவங்களுக்கு: கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கற நெலமும் பினாங்குதான், எங்க சொந்தக்காரங்க முக்காவாசிப் பேரு இந்தப் பக்கம்தான். அந்தத் தோட்டத்துல இப்ப ஒரே செம்பனை (பாமாயில் மரம்), மீதி தாமான், அதான் வீட்டுக் குடியிருப்பு, ஆயிடுச்சு. ஆனா பழைய ஆயாக்கொட்டகைய இடிக்க விடாம, அங்க வளந்த பசங்க சேந்து ஒரு குட்டி மியூசியம் ஆக்கியிருக்காங்க. பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, நெலத்தப் பத்தி இன்னும் பேச்சுவார்த்தை ஓடுதாம், அதனால போடல.

இந்த சனி ஞாயிறு அங்க நிகழ்ச்சி. அழைப்பிதழ்ல பெரியம்மா பேரப் போட்டு, பக்கத்துல 'சிறப்புரை: தோட்டப்புற வாழ்வியல்'னு அச்சடிச்சுட்டாங்க. அதப் படிச்சுக் காட்டினதுல இருந்து இவங்களுக்குத் தூக்கம் இல்ல. "உரையாம்ல உரை, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தயிருக்கு ஒறை ஊத்தறதுதான்." இதையே தாப்பா வர்றதுக்குள்ள நாலு தடவ சொல்லிட்டாங்க.

ஈப்போ தாண்டி கோலகங்சார்ல எறங்கினோம், இது என்னோட ஆசை. மலாயாவுல முதல்ல நட்ட ரப்பர் மரங்கள்ல ஒன்னு இன்னும் அங்க நிக்குது, 1877ல நட்டது. 1876ல பிரேசில்ல இருந்து 70,000 விதைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போயி, அதுல மொளச்சதுல வெறும் 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்து, அதுல இருந்து 9 கன்னு கோலகங்சாருக்கு. அந்த ஒன்பதுல மிஞ்சினது இந்த ஒத்த மரம். நான் இதெல்லாம் ஆர்வமா சொல்லிக்கிட்டு இருக்கேன், பெரியம்மா காதுலயே வாங்கல. வேலி ஓரமா நின்னு மரத்த அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரு பார்வை பாத்துட்டு, ரொம்ப நாள் தேடின ஆளக் கண்டுபிடிச்ச மாதிரி, "நீயாடா அது"ன்னாங்க.

அவ்வளவுதான். போய் கார்ல உக்காந்துட்டாங்க.

இப்ப பட்டர்வொர்த்துல ஒரு ஹோட்டல். ஏர்கண்டிஷன்ல இருந்து தண்ணி சொட்டுது, கீழ வாளி வச்சிருக்கோம். மீதி நாளைக்கு.

நாள் 2, சனி

மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பசியாறிட்டு 9 மணிக்கெல்லாம் போயிட்டோம். மியூசியம்னு சொன்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. தகரக் கூரை, பாதிச் சுவர், மேல கம்பி வலை, அவ்வளவுதான் ஆயாக்கொட்டகை. தாய்மாருங்க வேலைக்காட்டுக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். தூளி கட்டின கொக்கி இன்னும் உத்தரத்துல வரிசையா இருக்கு, அத எடுக்காம விட்டதுக்கே இந்தப் பசங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். பெரியம்மா உள்ள நொழஞ்சதும் நேரா மூணாவது கொக்கிக்குக் கீழ போய் நின்னாங்க. "ஒங்க அண்ணன இதுலதான் போட்டுட்டுப் போவேன்." அந்த அண்ணனுக்கு இப்ப 54 வயசு, ஷா ஆலம்ல லோரி கம்பெனி வச்சிருக்காரு.

காலை நிகழ்ச்சிக்குப் பேரு 'பெயர்ப்பலகை திருத்தும் அங்கம்'. எனக்கு இது ரொம்பப் புடிச்சுப் போச்சு, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க. பசங்க பொருளெல்லாம் சேத்து, கழுவி, நம்பர் போட்டு, லேபில் எழுதி ஒட்டியிருக்காங்க. எழுதினது தமிழ் நல்லாப் படிச்ச ஒரு பையன், அகராதிய வச்சுக்கிட்டு சுத்தத் தமிழ்ல எழுதியிருக்கான். இப்ப தோட்டத்துல வேலை செஞ்ச பெரியவங்கள வரச்சொல்லி, சுத்திப் பாத்து தப்பு இருந்தா சொல்லுங்கன்னு கைல ஆளுக்கொரு பென்சிலக் குடுத்தாங்க.

பென்சில் குடுத்தது தப்பாப் போச்சு.

முதல் மேசைல மங்கு. பீங்கான்ல ஒன்னு, அலுமினியத்துல ஒன்னு. லேபில்ல 'ரப்பர் பால் சேகரிப்புக் கிண்ணம்'. ஒரு பாட்டி சத்தமாப் படிச்சுட்டு, "இது யாரு வீட்டுக் கிண்ணம், பாயசம் குடிக்கவா?"ன்னு கேட்டதுல சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அடுத்து காண்டா கம்பு, தோள்ல வச்சு ரெண்டு பக்கமும் வாளியக் கட்டி பால் தூக்கிட்டுப் போற கம்பு. அதுக்கு 'தோள்சுமைத் தடி'ன்னு எழுதியிருந்தான். என் வீட்டுக்காரரு மெதுவா, காண்டாங்கறது மலாய் வார்த்தையாச்சே, தமிழ்ல எழுதினா என்ன தப்புன்னு கேட்டாரு. ஒரு பெரியவரு திரும்பிப் பாத்து, "அப்போ நீங்க நேத்து ராத்திரி சாப்பிட்டது தோள்சுமைச் சோறா"ன்னாரு. நாசி கண்டார்! அந்தக் காலத்துல தமிழ் முஸ்லிம்கள் சோத்தையும் கறியையும் இதே மாதிரி கம்புல தொங்கவிட்டு பினாங்குத் தெருவுல வித்ததால வந்த பேருதானே அது. இவரு வாயடைச்சுப் போனதப் பாக்க எனக்கு ஒரு சந்தோசம்.

அப்புறம் ஒரு தண்டவாளத் துண்டு, கயித்துல தொங்குது. விடியக்காலைல பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆளக் கூப்பிட்டுப் பேரு எடுக்கறதுக்கு, அடிக்கறது. லேபில்ல 'அழைப்பு மணி'. இதுக்கு யாரும் சிரிக்கல. கொஞ்ச நேரம் சும்மா நின்னாங்க. பெரியம்மா கூட வேலை செஞ்ச ஒரு அம்மா சொன்னாங்க, மூணாவது அடிக்குள்ள பெரட்டுக் களத்துல நிக்கலன்னா அன்னிக்குப் பேரு இல்ல, பேரு இல்லன்னா சம்பளம் இல்ல, புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் அதே கதைதான். பையன் பாவம், ஓடி ஓடி எழுதிக்கிட்டான். கடைசில அந்தக் கார்டுல 'தண்டவாளம்'னு ஒத்த வார்த்தைய மட்டும் போட்டு, கீழ அந்தம்மா சொன்னத அப்படியே எழுதிட்டான். அது சரின்னு எனக்குத் தோணுது. அகராதித் தமிழ் மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா அந்த மேசைல 'அழைப்பு மணி'ன்னு இருந்தா பாக்கறவங்க அத யாரோ அன்பாக் கூப்பிட்டதா நெனைச்சுக்குவாங்கல்ல.

எல்லாரும் ஒத்துப் போனாங்கன்னு நெனைக்காதீங்க. தண்டல், மண்டோர், கங்காணின்னு ஆளுங்கள வேலை வாங்கறவங்க மூணு பேருக்கும் என்ன வித்தியாசம்னு அரைமணி நேரம் சண்ட. முடிவே இல்ல, சாப்பாடு வந்ததால நின்னுச்சு. பொம்பளைங்க ஆக்கின கோழிக்கறி, சோறு, அப்பளம், சீராப் தண்ணி.

மத்தியானம் பழைய போட்டோவயும் பத்திரங்களையும் எப்படிக் காப்பாத்தறதுன்னு ஒரு பேச்சு. பேசினது சின்ன வயசுப் பையன், காகிதப் பராமரிப்பு வேலைலயே இருக்கறவனாம். எடுத்ததும், "யாரு வீட்டுல எல்லாம் பிறப்புப் பத்திரத்த லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்க"ன்னு கேட்டான். எல்லாரும் பெருமையா கையத் தூக்கினோம். "முடிஞ்சுது போங்க"ன்னான். சூடு பண்ணி ஒட்டின பிளாஸ்டிக்கத் திரும்ப எடுக்கவே முடியாதாம், உள்ள மாட்டின ஈரம் உள்ளயே கெடந்து காகிதத்தக் கெடுக்குமாம். அதே மாதிரி செல்லோடேப்பு கூடாது, பசை மஞ்சளா எறங்கிடும். போட்டோவுக்குப் பின்னால பேனால எழுதக்கூடாது, மெதுவான பென்சில்தான். தண்ணில நனஞ்சு ஒன்னோட ஒன்னு ஒட்டின போட்டோவக் காய விட்டுப் பிரிச்சா மேல் படலம் பேந்துடும், சுத்தத் தண்ணில ஊறவச்சு மெல்லப் பிரிச்சு நெழல்ல காய வைக்கணும். நம்ம ஊரு புழுக்கத்துக்கு இரும்பு அலமாரி, உள்ள சிலிக்கா பொட்டலம், அத மாசத்துக்கு ஒருவாட்டி பாக்கணும். எங்க வீட்டுல தாத்தாவோட ஒரே போட்டோ பிரேம் கண்ணாடியோட ஒட்டிக் கெடக்கு. கேட்டேன். பிடுங்காதீங்க, கண்ணாடியோடயே படம் எடுத்து வைங்கன்னான். சரின்னேன்.

பெரியம்மா பேச்சு நாளைக்கு 11 மணிக்கு. ராத்திரி முழிச்சே இருக்காங்க. துண்டுல சுத்தினது கட்டில் பக்கத்துல.

நாள் 3, ஞாயிறு

இன்னிக்கு அறுபது பேராவது இருப்பாங்க. வெளிய கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் மட்டும் விசிலடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

முதல் பேச்சு ஒரு ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார். பினாங்குக்காரங்களுக்கு ஒரு கர்வம் உண்டு, நாட்டுலயே தமிழ் வகுப்பு முதல்ல இங்கதான் ஆரம்பிச்சுது, 1816ல, பினாங்கு ஃபிரீ ஸ்கூல்லன்னு. அவரும் அதச் சொல்லாம ஆரம்பிக்கல. அப்புறம் விஷயத்துக்கு வந்தாரு. இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் முதல்ல ரப்பரே இல்ல, கரும்பு. கரும்பு வெட்டத்தான் முதல்ல நம்ம ஆளுங்கள ஒப்பந்தத்துல கொண்டு வந்தாங்க, சஞ்சிக்கூலின்னு சொல்றது அதுதான். ரப்பர் வந்தப்புறம் ஆள் எக்கச்சக்கமாத் தேவைப்பட்டுச்சு. தோட்டத்துல இருக்கற ஒருத்தருக்கே லைசன்ஸ் குடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பி, பங்காளி பக்கத்து வீட்டுக்காரன்னு கூட்டியாரச் சொன்னதுதான் கங்காணி முறை. 1907ல தோட்டக்காரங்க பணம் போட்டு ஒரு குடியேற்ற நிதி வச்சாங்க, கப்பல் செலவெல்லாம் அதுல இருந்து. 1910ல சஞ்சி முறைக்குத் தடை. ஆவடிலயும் நாகப்பட்டினத்துலயும் முகாம், அங்க வச்சு சோதிச்சு கப்பல் ஏத்துவாங்க. இங்க வந்தா ஜெரஜாக் தீவு, நோய் இருக்கான்னு பாக்கறதுக்கு அங்க எறக்கி வச்சுட்டுதான் தோட்டத்துக்கு. 1938ல இந்திய அரசாங்கமே கூலிக்கு ஆள் அனுப்பறத நிறுத்திடுச்சு.

இது வரைக்கும் எல்லாரும் தலையாட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாரு, "உங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?" கூட்டம் பூரா ஒரே குரல்ல, "ரஜுலா!"

வாத்தியார் சிரிச்சுக்கிட்டே ஒவ்வொருத்தரா கேக்க ஆரம்பிச்சாரு. உங்க தாத்தா எந்த வருசம்யா? 1912ன்னாரு ஒருத்தர். உங்க தாத்தா? வெள்ளைக்கார ராணி செத்த வருசம், அப்போ 1901. நான் வேற பெருமையா 1920ன்னு சொல்லி வச்சேன். "ரஜுலாவக் கட்டினதே 1926ல, ஸ்காட்லாந்துல. ஒங்க தாத்தாவெல்லாம் நீந்தியா வந்தாங்க?"

செம சிரிப்பு. ஆனா 1912 தாத்தாவோட பேரனுக்கு மட்டும் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருய்யா"ன்னாரு. வாத்தியாரும் விடல, பொய்யின்னு யாருய்யா சொன்னது, மெட்ராஸ் நாகப்பட்டினம் பினாங்கு சிங்கப்பூர்னு 1970கள் தொடக்கம் வரைக்கும் அத்தன வருசம் ஓடின கப்பல், டெக்குலயே ஆயிரக்கணக்கா சனம், நம்ம வாயில கப்பல்னாலே ரஜுலான்னு ஆயிடுச்சு, டூத்பேஸ்ட்டுக்கெல்லாம் ஒரே கம்பெனி பேரச் சொல்ற மாதிரி. ஒங்கப்பா கப்பல்ல வந்தாருன்னுதான் சொல்லியிருக்காருன்னாரு. அந்த ஆளு ஒத்துக்கவே இல்ல. மியூசியத்துக்குக் குடுத்த அவங்க தாத்தாவோட தகரப்பெட்டில 'ரஜுலாவில் வந்தது'ன்னு லேபில் இருக்கு, அத மாத்தினா பெட்டியத் திருப்பிக் குடுங்கன்னுட்டாரு. பசங்க முழிச்சாங்க. சாயங்காலம் பாத்தேன், 'ரஜுலாவில் வந்ததாகக் குடும்பத்தார் கூறுவர்'னு மாத்தியிருந்தாங்க. கெட்டிக்காரப் பசங்க.

அதுக்கப்புறம் சயாம் ரயில், சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல போட்டது. 415 கிலோமீட்டர், 1942ல ஆரம்பிச்சு 1943ல முடிச்ச பாதை, தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல போயி திரும்பாத பாதை. இதப் பத்தி நான் அதிகம் எழுதல. ஒரு வயசானவரு எந்திரிச்சு, கூட்டிட்டுப் போறப்ப தான் அம்மா வயித்துல இருந்ததாவும், அப்பா பேரு எந்த லிஸ்ட்லயாவது இருக்கான்னு பாத்துச் சொல்ல முடியுமான்னும் கேட்டாரு. பேரை ஒருதடவ சொல்லிட்டு, எழுத்துக்கூட்டி இன்னொரு தடவ சொன்னாரு. வெள்ளக்காரக் கைதிங்களுக்குக் கல்லறை கல்லறையா பேரு இருக்கு. இவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு மேடைல யாருக்கும் தெரியல.

அதுக்குப் பின்னாடி எங்க பெரியம்மா. என் வயிறு கலக்குது. புடவைய இழுத்து விட்டுக்கிட்டு மேடை ஏறி, மைக்கப் புடிச்சு, அந்தத் துண்ட அவுத்தாங்க. பால்வெட்டுக் கத்தி. நுனி வளஞ்சு, கைப்பிடி வழுவழுன்னு. முப்பது வருசத்துக்கு மேல பத்திரமா வச்சிருந்திருக்காங்க, வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. இத மியூசியத்துக்குக் குடுக்கறேன்னதும் கைத்தட்டல். அப்புறம் சொன்னாங்க:

"மரம் வெட்டறதப் பத்திப் பேசச் சொன்னீங்க. வாயால எப்படிப் பேசறது? கோயிலுக்குப் பின்னால ரெண்டு பால் மரம் இன்னும் நிக்குது, நேத்தே பாத்துட்டேன். ஆனா இப்ப மணி பன்னண்டு. இந்த வெயில்ல மரத்துல பால் எறங்காது. நாளைக்குக் காலைல 6 மணிக்கு வாங்க."

எறங்கி வந்துட்டாங்க. மொத்தம் ஒரு நிமிசம் இருக்கும். ஏற்பாட்டாளர் பையனுக்கு 45 நிமிசம் காலி, பாவம், பாட்டுப் போட்டான்.

ராத்திரி 9 மணிக்குத் தூத்தல். பெரியம்மா ஹோட்டல் ஜன்னல்லயே நிக்கறாங்க. பட்டை ஈரமா இருந்தா வெட்ட முடியாது, பால் வெட்டின காடில (பள்ளத்துல) நிக்காம மரமெல்லாம் வழிஞ்சு வீணாப் போயிடும். "மழை பேஞ்சா அன்னிக்குச் சம்பளம் இல்ல. சின்னப்பிள்ளைல இருந்து மழைய வைவேன், ஊரே மழை வேணும்னு கும்பிடறப்ப நான் மட்டும் வேணாம்னு கும்பிடுவேன்." பத்து மணிக்கு நின்னுச்சு.

நாள் 4, திங்கள்

அறுபது பேருல பதினோரு பேரு வந்தாங்க. திங்கக்கெழமை, வேலை நாளு, சொல்லி என்ன பண்றது. இருட்டு, கொசு. கைத்தொலைபேசி லைட்ட எல்லாரும் மரத்துல அடிச்சோம். "அந்தக் காலத்துல நெத்தில கார்பைட் விளக்கு, அந்த நாத்தம் இருக்கே"ன்னு சொல்லிக்கிட்டே பட்டைல இருந்த பாசியச் சுரண்டினாங்க.

ஏன் விடியக்காலைலன்னா, குளிர்ச்சில மரத்துக்குள்ள நீரழுத்தம் கூட இருக்கும், பால் நல்லா எறங்கும். வெயில் ஏற ஏற கொறஞ்சிடும். ஏன் சாய்வாங்கறதுக்கும் காரணம் இருக்கு. பால் ஓடற குழாயெல்லாம் பட்டைக்குள்ள நேரா இல்லாம லேசா சுத்திக்கிட்டுப் போகுது, இடது பக்கம் ஒசரத்துல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறக்கினா நெறைய குழாய் அறுபடும். இதெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. பெரியம்மா சொன்னது வேற: "கையி போற வழில போவணும், ரொம்ப ஆழம் போனா மரத்துக்கு வலிக்கும், காயம் பட்ட எடம் முண்டு முண்டா வீங்கி அப்புறம் அந்த எடத்துல வெட்டவே முடியாது, மண்டோர் வந்து பாத்தா அன்னிக்குத் திட்டுதான்." நாணயம் கனத்துக்கு ஒரு சீவல். ஒரே இழுப்பு. 76 வயசுக் கை, காலைல காபி கிளாஸ் புடிக்கறப்ப நடுங்கற கை, மரத்துல வச்சதும் நடுங்கல.

ரொம்ப வருசம் வெட்டாத மரம். முதல்ல ஒன்னும் வரல. அப்புறம் புள்ளி புள்ளியா வெள்ளை. கெட்டியா, மெதுவா, சாய்வுல எறங்கி, தகரத்துல தொத்தி, மங்குல சொட்டுச்சு. மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்த அதே மங்கு, நம்பர் ஒட்டினது. "புதுசாத் தொறந்த மரம் கொஞ்சந்தான் குடுக்கும், நாள் போகப் போகத்தான் பழகும்"னு மரத்துக்கு வக்காலத்து வேற. லேபில் எழுதின பையன் வீடியோ எடுக்க மறந்துட்டு வாயப் பொளந்து நின்னான், நல்ல வேளை வேற யாரோ எடுத்தாங்க.

அதுக்கப்புறம் ஃபெர்ரில தீவுக்கு. கார் ஏத்தற பழைய ஃபெர்ரியெல்லாம் போயிடுச்சு, இப்ப ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும், காத்து வாங்கக் கூட முடியாம சட்டுனு போய்ச் சேந்துடுது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில்ல ஒரு கும்பிடு, 1833ல இருந்து இருக்கற கோயில். லிட்டில் இந்தியால ஜிலேபி. அங்க இருந்து நடந்து வர்ற வழில ஒரு பழைய சாமான் கடை, வாசல்ல மங்கு, உள்ள மெழுகுவத்தி வச்சு, ஒன்னு 25 வெள்ளி (ரிங்கிட்). பெரியம்மா அதக் கவுத்துப் பாத்து, "ஒட்டுப்பால் கூட சரியா உரிக்காம விக்கிறான்"னு, மங்குல காஞ்சு ஒட்டின பாலக் காட்டிச் சொல்லிட்டு வச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து சேர்றப்ப ராத்திரி 11.

பின்குறிப்பு, புதன்

இன்னிக்குக் காரக் கழுவறப்ப பின் சீட்டுக்கு அடியில அந்தத் துண்டு. உள்ள கத்தி. பெரியம்மாகிட்ட கேட்டா, "அப்படியா, மறந்து எடுத்துட்டு வந்துட்டேன் போல"ன்னு டிவியப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

மியூசியப் பையனுக்கு போன் போட்டு கூரியர்ல அனுப்பட்டுமான்னு கேட்டேன். அவன் ஒரு போட்டோ அனுப்பினான். கண்ணாடிப் பெட்டில நம்பர், லேபில், பொருள் இருக்க வேண்டிய எடம் காலி. லேபில்ல 'கத்தி. பெரியம்மா இன்னும் பயன்படுத்துகிறார்'னு எழுதியிருக்கான். அவசரம் இல்லக்கான்னான். அந்த மரத்துல நாளைக்குக் காலைல அவனும் போய் வெட்டிப் பாக்கப் போறானாம், எந்தப் பக்கம் சாய்க்கணும்னு பெரியம்மாகிட்ட கேட்டுச் சொல்லச் சொன்னான்.